கிளைடரில் குமட்டலும் குடிநீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என்ஜின் இல்லாத விமானமான கிளைடரைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றி வருகின்றன. ஒன்று, வானத்தில் வயிற்றைப் புரட்டுவது. மற்றொன்று, மணிக்கணக்கில் பறக்கும்போது எதைக் குடிப்பது, எவ்வளவு குடிப்பது, அந்தத் தண்ணீர் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. குமட்டுமோ என்று பயப்படுபவர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். உடலில் நீர் வற்றினால் தலைவலியும் குமட்டலும் கூடுகின்றன. சுத்தமில்லாத நீரைக் குடித்தவருக்கோ இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கிளைடரில் இது வெறும் அசௌகரியத்தோடு முடிவதில்லை. இறங்கும்போது கணக்குத் தவறினால் மறுபடி மேலே கிளம்பிச் சுற்றி வர அதில் என்ஜின் கிடையாது. ஐந்து மணி நேரம் பறந்து களைத்த பிறகு, இருக்கும் ஒரே வாய்ப்பில் சரியாக இறக்கியாக வேண்டும்.

கொல்லிமலை பஸ்ஸில் ஏறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடத் தாண்டாமல் எனக்கு வாந்தி வந்துவிடுகிறது. அதே பஸ்ஸை ஓட்டுபவருக்கு ஏன் வருவதில்லை? என்னைப் போன்றவன் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?
— ஒரு கல்லூரி மாணவர், நாமக்கல்

முடியும். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு கற்றால் பாதி வேதனை குறையும்.

நம் ஒவ்வொரு காதின் உட்பகுதியிலும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இவை மூளைக்குச் சொல்கின்றன. அவற்றை ஒட்டி, கால்சியம் கார்பனேட்டினால் ஆன மிக நுண்ணிய படிகங்கள் ஒரு மெல்லிய படலத்தின் மேல் கிடக்கின்றன. தலையின் சாய்வையும், நேர்கோட்டில் வேகம் கூடிக் குறைவதையும் உணர்த்துபவை அவை. ஒரு சொம்புத் தண்ணீரைச் சட்டென்று சுழற்றினால் சொம்பு முதலில் திரும்பும், தண்ணீர் பின்தங்கும். சற்று நேரம் சுழன்றுகொண்டே இருந்தால் தண்ணீரும் சொம்பின் வேகத்துக்கு வந்துவிடும். குழல்களிலும் நடப்பது இதுதான். ஒரே சீராகச் சுற்றத் தொடங்கிச் சுமார் 10 முதல் 20 வினாடிகள் கழிந்ததும், 'சுற்றுகிறோம்' என்ற செய்தியைக் காது நிறுத்திவிடுகிறது. கண்ணோ தரை சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சுற்றுவதை நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுழல்வதாகக் காது சொல்கிறது. கண்ணும் காதும் இப்படி முரண்படுவதே குமட்டலின் வேர் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

இந்த முரண்பாட்டுக்குக் கிளைடர் மிகவும் தோதான இடம். தரையிலிருந்து சூடாகி எழும் காற்றுத் தூணை விமானிகள் தெர்மல் என்கிறார்கள். அதற்குள் வட்டமிட்டுத்தான் உயரம் பெற வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 முதல் 25 வினாடி ஆகிறது, விமானம் வினாடிக்கு இரண்டு மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குள் 20 முதல் 25 தடவை ஒரே பக்கமாகச் சுற்றியிருப்பீர்கள். உங்கள் மலைப்பாதையிலாவது இடமும் வலமும் மாறி மாறி வருகின்றன.

ஓட்டுநருக்கு வராததற்குக் காரணம், வளைவு வருவதற்கு முன்பே அவருடைய மூளைக்கு அது தெரிந்திருப்பது. ஸ்டியரிங்கைத் திருப்புவது அவர்தான் என்பதால், உடல் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கிறது. கிளைடரிலும் இதே கதைதான்: ஆசிரியர் ஓட்டும்போது வெளிறிப் போகும் மாணவர், கட்டுப்பாட்டுக் கோலைத் தன் கையில் வாங்கிய சில நிமிடங்களில் தெளிந்துவிடுவது சாதாரணமாகக் காணும் காட்சி. ஆகவே பஸ்ஸில் பயணியாக அமர்ந்து வாந்தி எடுப்பதை வைத்து, விமானியாக அமர்ந்தாலும் அப்படித்தான் ஆகும் என்று முடிவுகட்ட வேண்டாம்.

உட்செவிதான் இதன் மையம் என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் பின்னர் நாசாவும் வாஷிங்டனின் காலடெட் கல்லூரியைச் சேர்ந்த, காது கேளாத 11 ஆண்களைச் சோதனைகளுக்கு அழைத்தன. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் வந்த மூளையுறைக் காய்ச்சலால் கேட்கும் திறனோடு சமநிலை உறுப்பும் செயலிழந்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கொந்தளித்த கடலில் ஒரு கப்பலில் அவர்களை அழைத்துச் சென்றபோது, அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய வந்தவர்கள்தான் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள்.

குமட்டல் வருவது காது ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. 1961 ஆகஸ்டில் வஸ்தோக் 2 கலத்தில் பூமியைச் சுற்றிய கெர்மன் டிட்டோவ், தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பட்ட போர் விமானி. விண்வெளியில் முதன்முதலில் குமட்டலால் அவதிப்பட்ட மனிதரும் அவரே.

நண்பர் ஒருவர் கிளைடரில் என்னைப் பயணியாக அழைத்துச் சென்றார். கீழே தெரிந்த ஏரியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே இருந்தேன்; பத்தாவது நிமிடத்தில் வியர்த்துக் கொட்டி, வாயில் நீர் ஊறத் தொடங்கியது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?
— ஒரு பொறியாளர், ஒசூர்

கைப்பேசியைப் பையில் வையுங்கள். சின்னத் திரையில் கண்ணை நிலைநிறுத்திக்கொண்டு உடலைச் சுழற்ற விடுவதைவிட விரைவாகக் குமட்டலை வரவழைக்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மேலே ஏறியதும் தொடுவானத்தைப் பாருங்கள். விமானம் சாய்ந்து சுற்றும்போது கீழ்ச்சிறகின் நுனிக்குக் கீழே தரையைப் பார்க்கத்தான் ஆசையாக இருக்கும். மூக்குக்கு மேலே தொலைவில் தெரியும் கோட்டையே பாருங்கள். தலையை இருக்கையின் பின்பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் மெதுவாகத் திருப்புங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது சட்டென்று குனிந்து எதையாவது தேடினால் ஒரே நேரத்தில் இரண்டு குழல்கள் தூண்டப்பட்டு, விமானம் கவிழ்வது போன்ற மயக்கம் வரும். காற்று வரும் துளையை முகத்தை நோக்கித் திருப்புங்கள். வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், பூரியும் கிழங்குமாக நிரப்பிக்கொண்டும் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போதும்.

கொட்டாவி, காரணமில்லாத தூக்கக் கலக்கம், குளிர்ந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல் ஆகியவை வாந்திக்கு முந்தைய அறிகுறிகள். இவற்றில் முதலாவது தோன்றும்போதே விமானியிடம் சொல்லிவிட வேண்டும். மரியாதை கருதி வாயைத் திறக்காமல் இருப்பவர்கள்தான் கடைசியில் அவசரமாகப் பை தேடுகிறார்கள். முன்கூட்டியே சொன்னால் அவர் சுற்றுவதை நிறுத்தி நேராகப் பறப்பார், அல்லது இறக்கிவிடுவார். நல்ல தடிமனான ஜிப் பை ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில், இடுப்புப் பட்டைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கிளைடரின் தரைப் பலகைக்குக் கீழே கட்டுப்பாட்டுக் கம்பிகளும் தண்டுகளும் ஓடுகின்றன. அங்கே சிந்துவது துர்நாற்றத்தோடு போகாது, உலோகப் பாகங்களை அரிக்கவும் செய்யும்.

இஞ்சியைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு உதவுவதாகவும், மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கு மேல் பயனில்லை என்றும் ஆய்வுகள் இரு பக்கமும் இருக்கின்றன. தூக்கம் வரவழைக்காதது என்பதால், இஞ்சி மரப்பா மென்றுகொண்டு போவதில் எனக்கு மறுப்பில்லை.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறோம். எங்கள் 15 வயது மகள் கிளைடர் சங்கத்தில் சேர்ந்து பயிற்சி பெறுகிறாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் வாந்தி. ஊரிலிருந்து கொண்டு வந்த அவோமின் மாத்திரை வீட்டில் இருக்கிறது. பறக்கும் நாளில் கொடுக்கலாமா?
— ஒரு தாய்

அம்மா, கொடுக்க வேண்டாம். கொடுப்பதாக இருந்தால், அவளுடைய ஆசிரியருக்கும் விமானத் துறை மருத்துவருக்கும் தெரியாமல் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

அவோமினில் இருப்பது புரோமெதசின். டிராமமின் என்ற பெயரில் விற்கப்படும் டைமென்ஹைட்ரினேட், நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் சின்னரிசின், கடற்பயணிகள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபோலமின் ஆகியவையும் பயணக் குமட்டலுக்கு உதவுபவைதான். ஆனால் இவை எல்லாமே ஏதோவோர் அளவில் தூக்கத்தையும் மந்தத்தையும் தருபவை. ஸ்கோபோலமின் பார்வையையும் மங்கவைக்கும். மாத்திரை போட்டவருக்குத் தாம் தெளிவாக இருப்பதாகவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஜெர்மனியில் 14 வயது நிரம்பியவர் கிளைடரைத் தனியே ஓட்டலாம் என்பதால், உங்கள் மகள் எந்த வாரத்திலும் தனிப் பறப்புக்கு அனுப்பப்படலாம். பறக்கும் திறனைக் குறைக்கக்கூடிய மருந்தை எடுத்துக்கொண்டு விமானம் ஓட்டுவதை ஐரோப்பிய விமான விதிகளும் அனுமதிப்பதில்லை.

இவற்றில் டைமென்ஹைட்ரினேட்டின் பயன் தெரியவந்த விதம் வேடிக்கையானது. 1947இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லெஸ்லி கே, பால் கார்லினர் என்ற இரண்டு ஒவ்வாமை மருத்துவர்கள், தோல் தடிப்புக்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு டைமென்ஹைட்ரினேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிராமில் ஏறினாலே குமட்டும் அவருக்கு, அந்த மருந்து சாப்பிட்ட நாட்களில் மட்டும் குமட்டவில்லை. பிறகு நியூயார்க்கிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலில் அதைச் சோதித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்கள். பயணிக்கும் படைவீரருக்கும் பஸ்ஸில் போகும் நமக்கும் அது நல்ல மருந்து. விமானியின் இருக்கையில் அமர்பவருக்கு அல்ல.

உங்கள் மகளுக்கு நம்பிக்கையான மருந்து பழக்கம்தான். ஒரே நாளில் ஒரு மணி நேரம் பறந்து நான்கு வாரம் விட்டுவிடுவதைவிட, அடுத்தடுத்த நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடம் பறப்பது நல்லது. குமட்டல் தொடங்கியதும், வாந்தி வரும்வரை தாக்குப்பிடிக்காமல், இறங்கிவிட வேண்டும். விமானம் என்றாலே வாந்தி என்ற தொடர்பு மனத்தில் பதிந்துவிட்டால் விமானத்தை நிறுத்தும் கொட்டகையின் வாசனையே குமட்டத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் சில மாதம் பறக்காமல் இருந்தால் பெற்ற பழக்கம் கரைந்துபோவது இயல்பு. வசந்தத்தில் மறுபடி சிறிய பறப்புகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், விமானப் படைகளில் சுழல் நாற்காலியைக் கொண்டு படிப்படியாகப் பழக்கும் முறை உண்டு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நாற்காலிக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் பாரனி, காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். பரிசுச் செய்தி அவரை எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

மெல்போர்னில் வேலை பார்க்கிறேன். வரும் கோடையில் பெனல்லாவில் கிளைடர் விமானிகளின் திறனுக்குத் தரப்படும் வெள்ளிப் பதக்கத்துக்கான ஐந்து மணி நேரப் பறப்பை முயலப் போகிறேன். எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்? நீர்மோர், இளநீர் கொண்டு போகலாமா?
— ஒரு வாசகர், ஆஸ்திரேலியா

பெனல்லா உலகக் கிளைடர் போட்டிகளை 1987இலும் 2017இலும் நடத்திய இடம். அங்கே கோடையில் தெர்மல்கள் வலுவாக இருப்பதற்குக் காரணமான அதே வெயில்தான் உங்களையும் காயவைக்கப் போகிறது. கிளைடரின் அக்ரிலிக் கண்ணாடி மூடிக்குள் காற்றோட்டம் குறைவு. தரையில் மூடியைப் பூட்டிக்கொண்டு புறப்பாட்டு வரிசையில் காத்திருக்கும் இருபது நிமிடத்திலேயே சட்டை நனைந்துவிடும். மேலே போனதும் குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் அடங்கிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் அங்குள்ள காற்று வறண்டது. வியர்வை தெரியாமலேயே ஆவியாகிவிடுகிறது, மூச்சோடும் ஈரம் போகிறது.

உடல் எடையில் இரண்டு சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே கவனமும் மனநிலையும் தளரத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.4 லிட்டர்தான். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருந்தால் இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் கடந்திருப்பீர்கள். ஆகவே, புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து சிறிது சிறிதாகச் சுமார் 400 மில்லிலிட்டர் குடியுங்கள். வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், தாமதங்களுக்கும் சேர்த்து மூன்று லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். ஒரே மூச்சில் கால் லிட்டரைக் குடித்தால் வயிறு உப்பிக் குமட்டலுக்கு வழி திறக்கும். ஒவ்வொரு முறை தெர்மலை விட்டு வெளியே வந்து நேராகப் பறக்கத் தொடங்கும்போதும் இரண்டு மூன்று மிடறு என்று பழகிக்கொண்டால், கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தலையைத் திருப்பக்கூடாத நேரத்தில் குழாயைத் தேடும் தொல்லையும் இல்லை. காலையில் சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் பற்றாக்குறையோடுதான் நாளைத் தொடங்குகிறீர்கள்.

மூன்று லிட்டர் தண்ணீர் மூன்று கிலோ. அதைத் தோளுக்குப் பின்னால் வைத்தால் விமானத்தின் எடைமையம் பின்னுக்கு நகரும். எடைக் கணக்கில் அதையும் சேருங்கள். உறிஞ்சுகுழாய் பொருத்திய தண்ணீர்ப் பையைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். பாட்டிலை மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு காற்றுக் குலுக்கலில் அது நழுவிச் சுக்கான் மிதிக்கு முன்னால் உருண்டு நின்றால் மிதியை முழுதாக அழுத்த முடியாது. குனிந்து எடுக்கலாம் என்றால் தோள்பட்டைகள் விடாது.

நீர்மோரை நானும் விரும்புகிறேன், ஆனால் 40 டிகிரி வெயிலில் கண்ணாடி மூடிக்குள் ஐந்து மணி நேரம் இருந்த மோரை நீங்கள் குடிக்க நான் சொல்ல மாட்டேன். இளநீரும் வெட்டியதும் குடிக்க வேண்டியது. தவிர, அதில் பொட்டாசியம் தாராளம், வியர்வையில் அதிகம் போகும் சோடியமோ குறைவு. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் உடலின் உப்பை நீர்க்கச் செய்யும். சிறந்த துணை நம் ஊர் அரசு மருத்துவமனையில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்த பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கின்றன. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். மூன்று லிட்டரில் ஒரு லிட்டரை இப்படிக் கரைத்துக்கொள்வது போதும்; இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

கிளைடரின் சிறகுகளுக்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பிச் செல்வார்களாமே. பிறகு விமானி தாகத்தால் ஏன் வாட வேண்டும்?
— ஒரு வாசகர், மதுரை

நல்ல கேள்வி, ஆனால் அது குடிநீர் அல்ல, பாரத்துக்காக ஏற்றும் நீர். எடை கூடினால் அதே சறுக்குக் கோணத்தில் அதிக வேகமாகப் பறக்கலாம் என்பதால் போட்டி விமானிகள் நிரப்பிக்கொண்டு, இறங்குவதற்கு முன் வால்வைத் திறந்து கொட்டிவிடுவார்கள். சிறகுக்குள் இருப்பது பிசின் பூசிய தொட்டி அல்லது பழைய பை. விமானியின் இருக்கைக்கு அதிலிருந்து குழாயும் வருவதில்லை. அதைவிட முக்கியமாக, அந்த நீரை நிரப்பும் நீளமான தோட்டக் குழாயிலேயே தங்கள் குடிதண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் சில மைதானங்களில் இருக்கிறது. வெயிலில் நாளெல்லாம் சூடேறிக் கிடக்கும் குழாயில் தேங்கிய நீர் கிருமிகள் பெருகத் தோதானது. குடிநீருக்கு வேறு குழாய், வேறு பாத்திரம்.

மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமத்துக்கு அருகில் பயிற்சி முகாம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் கிடைக்கும் என்கிறார்கள். கொதிக்கவைத்தால் போதுமா? குளோரின் மாத்திரை, வடிகட்டி, வெயிலில் வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், புணே

எல்லோரும் சொல்வது ஓரளவு சரி; ஒவ்வொன்றாலும் முடியாதது எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கிருமிகளைப் பொறுத்தவரை கொதிக்கவைப்பதே முதல் தரம். நீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம்; கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் கொதிநிலை குறைவதால் மூன்று நிமிடம். ஆனால் ஆழ்குழாய்க் கிணற்றில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ உவர்ப்போ இருந்தால் கொதிக்கவைப்பது அவற்றை அகற்றாது. நீர் ஆவியாவதால் சற்றே செறிவாக்கும். அப்படிப்பட்ட ஊரில் எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில், அதாவது ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த நீரோ முத்திரை உடையாத கேன் தண்ணீரோதான் வழி. முகாமுக்கு முன்பே அந்தக் கிணற்று நீரின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

குளோரின் மாத்திரை போட்டு 30 நிமிடம் காத்திருந்தால் பாக்டீரியாவும் வைரஸும் பெரும்பாலும் ஒழியும். கலங்கிய நீரில் அதன் வேலை பாதியாகும் என்பதால் முதலில் நன்றாகத் தெளியவைத்து, மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் மட்டும் குளோரின் தோற்றுவிடுகிறது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்து வழங்கிய குழாய்நீரில் புகுந்து சுமார் நான்கு லட்சம் பேரைப் படுக்கவைத்தது அதுதான். 0.1 மைக்ரான் துளையுள்ள நுண்குழல் வடிகட்டி அந்த ஒட்டுண்ணியையும் பாக்டீரியாவையும் பிடித்துவிடும், வைரஸை விட்டுவிடும். ஆகவே வடிகட்டிவிட்டுப் பிறகு குளோரின் என்று சேர்த்துச் செய்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். தெளிந்த நீரைப் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தும் முறையும் உண்மையில் பயன்படுவதே. மேகமூட்டமான நாட்களில் இரண்டு நாள் ஆகும். ஆனால் பாட்டிலைத் திறந்த வெளியில் வைக்க வேண்டும். கிளைடரின் கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்; புற ஊதாக் கதிரின் கணிசமான பகுதியை அக்ரிலிக் தடுத்துவிடும், வெறும் வெந்நீர்தான் கிடைக்கும்.

வழியில் தெர்மல் கிடைக்காமல் ஏதாவது வயலில் இறங்க நேர்ந்தால், மீட்பு வண்டி வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பார்க்க வந்த ஊர்க்காரர்கள் அன்போடு சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். மறுப்பது கடினம் என்பதை அறிவேன். அதற்காகத்தான் திறக்காத ஒரு லிட்டர் பாட்டிலை இருக்கைக்குப் பின்னால் தனியாக வைத்திருக்கச் சொல்வது. முந்தின நாள் வயிற்றுப்போக்கு இருந்து, இன்று காலையில் சரியாகிவிட்டது என்றாலும் அன்று பறக்காதீர்கள். இழந்த நீரும் உப்பும் ஒரே இரவில் முழுதாக ஈடாவதில்லை.

மன்னிக்கவும், கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நீண்ட நேரப் பறப்பில் சிறுநீருக்கு என்ன வழி? இதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

தயங்க எதுவும் இல்லை. இந்த வாரக் கடிதங்களில் பதில் மிகவும் தேவைப்பட்டது உங்களுடையதுதான். கிளைடர் விமானிகள் நீர் வற்றிப் போவதற்குத் தண்ணீர் கிடைக்காதது பெரும்பாலும் காரணமல்ல. அதை வெளியேற்ற வழி இல்லாததே காரணம்.

ஆண்கள் உறைபோல் பொருத்திக்கொள்ளும் குழாயைப் பையோடோ விமானத்தின் வெளித்துளையோடோ இணைத்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு இருப்பவற்றில் நம்பகமானது பெரியவர்களுக்கான உறிஞ்சும் உள்ளாடை. அதற்கு அடுத்தது, சிறுநீரைக் கூழாக்கும் தூள் அடங்கிய பையும் அகலமான வாயுள்ள புனலும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் சோதனையை வீட்டில் செய்யுங்கள். கிளைடரில் அமர்வதுபோல் பின்சாய்ந்து, கால் நீட்டி, பட்டைகளை இறுக்கிக்கொண்டு பழகிப் பார்க்காமல் வானத்தில் முதன்முதலாக முயன்றால் உடல் ஒத்துழைக்காது. காலைக் காப்பியை ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். அளவாகக் குடித்தால் காப்பி உடலை வற்றவைப்பதில்லை, ஆனால் முதல் மணி நேரத்தில் அவசரப்படுத்தும். தண்ணீரை நிறுத்துவது மட்டும் வேண்டாம். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் கல்லுக்கும் அது வழிவகுக்கும். அதற்கு முன்பே, இறங்கும் வேளையில் உங்கள் கவனத்தைப் பறித்துவிடும்.

நியூசிலாந்தின் ஓமராமாவில் மலையைத் தாண்டி அலையலையாக எழும் மலையலைக் காற்றில் உயரப் பறந்தபோது உறிஞ்சுகுழாய் உறைந்து அடைத்துக்கொண்டது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், கிறைஸ்ட்சர்ச்

6,000 மீட்டர் உயரத்தில் வெளியே சராசரியாக மைனஸ் 24 டிகிரி. மெல்லிய குழாய்தான் முதலில் உறையும். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் மீதமுள்ள நீரை ஊதிப் பைக்குள் தள்ளிவிடுங்கள், குழாயை மேல்சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஒரு சிறிய அகன்ற வாய்ப் பாட்டிலையும் உடம்போடு ஒட்டி வைத்திருப்பது நல்லது. அந்த உயரத்தில் தலைவலியோ மந்தமோ தோன்றினால், தண்ணீர் போதவில்லை என்று தீர்மானிப்பதற்கு முன் ஆக்சிஜன் ஓட்டத்தைச் சரிபாருங்கள்.

என் தண்ணீர்ப் பையின் குழாயில் வழுவழுப்பும் ஒரு மாதிரி வாடையும் வருகின்றன. தூக்கி எறிய வேண்டியதுதானா?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

உட்புறம் கருப்புப் புள்ளிகள் இருந்தால் குழாயை மட்டும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. இல்லையென்றால் காப்பாற்றலாம். அந்த வழுவழுப்பு, பாக்டீரியாக்கள் ஒன்றுசேர்ந்து தமக்குத் தாமே கட்டிக்கொள்ளும் படலம். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் விட்டுக் குலுக்குவதால் அது போகாது; நீண்ட கம்பியில் பொருத்திய தூரிகையால் குழாயின் உள்ளே தேய்த்த பிறகு, குளோரின் மாத்திரை கரைத்த நீரைப் பையிலும் குழாயிலும் நிரப்பி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கடித்து உறிஞ்சும் ரப்பர் முனையைக் கழற்றித் தனியே ஊறவையுங்கள், அழுக்கு அதிகம் தங்குவது அங்கேதான். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பையின் வாயைக் கரண்டிக்காம்பு எதையாவது வைத்து விரித்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உங்கள் ஊரின் ஈரக் காற்றில் அது முழுதாக உலர்வது சிரமம் என்பதால், பறக்காத நாட்களில் பையையும் குழாயையும் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடலாம். சர்க்கரைக் கரைசலை இந்தப் பையில் ஊற்றாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு பாட்டில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை இந்த வாடை அவ்வளவு சீக்கிரம் வராது.